கடைசி வரிசைக்குப் பெயர் கொடுங்கள்

கேள்வி: "பினாங்கின் பிறை நகரில் இருக்கிறேன். வயது 26, தொழிற்சாலையில் தர ஆய்வாளர். எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கமும் வேறு மூன்று சங்கங்களும் சேர்ந்து ஜார்ஜ்டவுனில் ஓர் அமைதி நடை நடத்தப்போகின்றன. எல்லா இனத்தவரும் கலந்து நானூறு பேர் வருவார்கள் என்கிறார்கள். தொண்டர்களை ஒருங்கிணைக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன், நடத்தியதில்லை. முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் அம்மா, நான் இதில் இறங்குவதற்கே பயப்படுகிறார். ஒப்புக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

ஒப்புக்கொள்ளுங்கள், தங்கையே. அம்மாவின் பயத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு வரியில் தள்ளிவிடக்கூடிய பயம் அன்று அது.

முதலில் ஒரு திருத்தம். ஊர்வலம் நடத்துவது எப்படி என்று தெரியாது என்கிறீர்கள். பினாங்குத் தமிழர் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித் தேர் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி நகர்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். வழி நெடுகச் சீனர்களும் தேங்காயைக் குன்றாகக் குவித்து உடைப்பார்கள். உடைந்த ஓடு, வெறுங்காலோடு வருகிறவர்களைக் குத்திவிடாமல் ஒருவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். யாரும் அவரைப் படம் எடுப்பதில்லை. உங்களைக் கேட்டிருக்கும் வேலை ஏறக்குறைய அதுதான். நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றவன். அதன்பின் ஏழெட்டு அமைதி நடைகளில் தொண்டனாக இருந்திருக்கிறேன். இரண்டில் தொண்டர்களை ஒருங்கிணைத்திருக்கிறேன். பந்தலில் கற்றதில் முக்கால் பங்கு அப்படியே உதவியது. மீதிக் கால் பங்குக்குத்தான் அடி வாங்கினேன்.

அந்தக் கால் பங்கு இது. தேர் ஊர்வலத்தில் வேகத்தைத் தேர் வைக்கிறது. அதை முந்திக்கொண்டு ஓட யாருக்கும் அவசரம் இல்லை. அமைதி நடையில் தேர் இல்லாததால், முன்னால் பதாகை பிடிக்கும் பெரிய மனிதர்கள் வேகத்தை வைக்கிறார்கள். அவர்களுக்கோ படம் எடுப்பவர்கள் முன்னால், வெயில் தலைமேல், ஒன்பதரை மணிக்கு வேறொரு நிகழ்ச்சி. என் முதல் நடையில் முன்வரிசை திடலுக்குப் போய்ச் சேர்ந்து வரவேற்புரையே தொடங்கிவிட்டது. வால் அப்போது இரண்டாவது சந்திப்பில் சிவப்பு விளக்குக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அறுபது பேர் இருக்கும், பெரும்பாலும் வயதானவர்கள். கைத்தடியோடு ஒரு சீனப் பாட்டி சாலையின் நடுக்கோட்டில் தனியாக மாட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ஒலிப்பானை அழுத்தினார், நம் ஆள் ஒருவர் பதிலுக்குக் கையை ஓங்கினார். அமைதிக்காக நடந்த அந்த நாளின் ஒரே சண்டை அதுதான். இனமோ மதமோ காரணமில்லை. வால் அறுந்ததே காரணம்.

அன்றிலிருந்து எனக்கு இருக்கும் விதி ஒன்றே ஒன்று: வேகத்தைக் கடைசி வரிசை வைக்க வேண்டும். இருக்கும் தொண்டர்களில் மிகப் பொறுமையான இருவரை வாலில் நிறுத்துங்கள். அவர்களில் ஒருவர் நீங்களாக இருங்கள். ஒருங்கிணைப்பாளர் முன்னால்தானே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். முன்னால் நடப்பதை நூறு பேர் பார்க்கிறார்கள், ஏதாவது என்றால் உடனே தெரிந்துவிடும். வாலில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் பார்த்தால்தான் உண்டு. உங்கள் கையில் ஒரு வாக்கி-டாக்கி, முன்வரிசைக்குப் பக்கத்தில் நடப்பவர் கையில் இன்னொன்று. "மெதுவாக" என்று நீங்கள் சொன்னால் அவர் பதாகைக்கு முன்னால் போய்ப் பின்பக்கமாக நடக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஒருவர் பின்னோக்கி நடந்தால் எந்தப் பெரிய மனிதரும் வேகமாகப் போக முடியாது. வாயால் சொல்லித் தோற்ற பிறகு கண்டுபிடித்த வழி இது.

நீங்கள் தர ஆய்வாளர் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நானூறு பேர் நால்வர் நால்வராக நடந்தால் நூறு வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் வைத்தால் ஊர்வலத்தின் நீளம் 150 மீட்டர். முதியவர்கள் இருக்கும் கூட்டம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போகாது. அப்படியானால் தலை ஓர் இடத்தைக் கடந்து வால் அங்கே வந்து சேர மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்தச் சமிக்ஞை விளக்கும் நமக்காக அவ்வளவு நேரம் பச்சையாக எரியாது. ஆகவே ஒன்று, போலீசார் நின்று போக்குவரத்தை நிறுத்தித் தர வேண்டும். அல்லது கூட்டத்தை ஐம்பது ஐம்பது பேராக நாமே முன்கூட்டிப் பிரித்துவிட வேண்டும். ஐம்பது பேர் ஒரு சாதாரணச் சாலையைக் கடக்க முக்கால் நிமிடம் போதும். போலீசார் வருவதாகச் சொல்லியிருந்தாலும் நான் பிரித்தே வைப்பேன். ஒவ்வொரு குழுவுக்கும் தன் வால் எது என்று தெரிந்திருக்கும். கடந்ததும் நின்று ஆள் எண்ணிவிட்டுப் போகலாம். இன்னொன்று: கை காட்டி வாகனத்தை நிறுத்தும் அதிகாரம் தொண்டருக்குக் கிடையாது. ஒளிரும் மேலங்கி போட்டதும் சிலருக்குத் தாங்களே போக்குவரத்துப் போலீஸ் என்ற நினைப்பு வந்துவிடும். பயிற்சியன்றே அதை அடக்கிவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். ஏற்பாட்டாளர் செய்ய வேண்டிய வேலைதான் இது. ஆனாலும் செய்துவிட்டார்களா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளை உங்கள் தொண்டர்கள்தான் சாலையில் நிற்பார்கள். அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்குக் கொடுக்கிறது. அதை ஒழுங்குபடுத்துவது 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம். முதலில் மாவட்டப் போலீஸ் தலைவருக்குப் பத்து நாள் முன்னதாக அறிவிக்க வேண்டியிருந்தது. 2019-இல் செய்த திருத்தம் அதை ஐந்து நாளாகக் குறைத்தது. பொதுச் சாலையில் ஊர்வலமாகப் போவதற்கு இருந்த தடையும் அப்போதுதான் நீங்கியது. முன்னறிவிப்புத் தராததைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அப்படியானால் போலீசிடம் ஏன் போக வேண்டும்?" என்று உங்கள் குழுவில் ஒரு சட்ட நிபுணர் கட்டாயம் கேட்பார். காபிக் கடைக்குக் கடை அப்படி ஒருவர் இருக்கிறார். தண்டனைதான் போயிற்று, அறிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. அதைவிட முக்கியம், நானூறு பேரைச் சாலையில் இறக்கும்போது போக்குவரத்தை நிறுத்தித் தரப் போலீஸ் வேண்டும். ஐந்து நாளுக்குக் காத்திராமல் மூன்று வாரம் முன்னதாகவே போகச் சொல்லுங்கள். படிவத்தில் நோக்கம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வழி, பேச்சாளர்கள், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி விவரம், ஒழுங்குக்குப் பொறுப்பானவர்கள் எல்லாம் கேட்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் உங்கள் பெயர் வரக்கூடும். வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். திடல் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

இப்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம். ஜார்ஜ்டவுனில் அமைதி நடை என்றால் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றுவது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்தான். 1818-இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டின் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல் எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு பூ வைத்துவிட்டுப் போகலாம் என்று நானும் ஒரு முறை திட்டம் போட்டேன். சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்த ஒரு நண்பர் அதை நிறுத்தினார். பேரணி நடத்தக் கூடாத இடங்களின் பட்டியல் அது. மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், தீயணைப்பு நிலையம், பொதுப் போக்குவரத்து முனையம், படகுத்துறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு வழிபாட்டுத் தலங்களும் அதில் இருக்கின்றன. அவற்றின் எல்லையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் கூடாது. நகர்ந்துகொண்டே போகும் ஊர்வலமும் இச்சட்டத்தில் பேரணிதான். ஆக, மலேசியாவிலேயே நல்லிணக்கத்துக்குப் பெயர்போன தெரு, நல்லிணக்க ஊர்வலத்துக்கு ஏறக்குறைய மூடிய தெரு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று இரவு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நகர வரைபடத்தை விரித்து, மகளின் பள்ளிக் கவராயத்தில் சிவப்புப் பென்சிலைச் செருகி, அளவுக்கு ஏற்ப ஐம்பது மீட்டர் வைத்து ஒவ்வொரு கோயிலுக்கும் பள்ளிக்கும் வட்டம் போட்டேன். ஒரு வட்டத்தின் விளிம்பு அடுத்த வட்டத்தை உரசியது. பழைய நகரம் சிரங்கு பிடித்த கை போலாகிவிட்டது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சாமி இருக்கிற ஊரில் உங்களுக்கு நடக்க இடமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வட்டங்களுக்கு வெளியே மிஞ்சிய தெருக்களைப் பச்சையில் தீட்டி, அந்தத் தாளோடு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். வெறுங்கையோடு போனவர்களைவிட எங்களுடன் அதிகாரி அதிக நேரம் பேசினார், இரண்டு இடத்தில் வழியை மாற்றியும் கொடுத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எது ஐம்பதுக்குள் வருகிறது, எது வரவில்லை என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கடைசியில் எங்கள் நடை பாடாங் கோத்தா லாமா என்ற கடலோரத் திடலில் தொடங்கி அங்கேயே முடிந்தது. கோயில்களுக்கு நாங்கள் போகவில்லை. கோயில்களிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் மும்மூன்று பேர் எங்களிடம் நடந்து வந்தார்கள். பூவைவிட அது நன்றாகவே இருந்தது.

சட்டத்தில் இன்னும் மூன்று செய்திகள் உங்கள் வேலையை நேரடியாகத் தொடும். ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், உங்களுக்குச் சிக்கலில்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இப்படிப்பட்ட நடைக்கு அழைத்து வரக் கூடாது. சமய ஊர்வலம், இறுதி ஊர்வலம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி புறா படம் பிடித்து முன்னால் நடக்கும் காட்சியை உங்கள் குழு ஏற்கெனவே கற்பனை செய்து வைத்திருக்கும், கலைத்துவிடுங்கள். ஒரு வாரம் முன்னதாகத் தாமான் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து அட்டைகளை வரையச் சொல்லுங்கள், பெரியவர்கள் தூக்கிக்கொண்டு நடக்கட்டும். மூன்றாவது செய்திதான் எனக்குக் கசப்பானது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கு இதில் கலந்துகொள்ளும் உரிமை இல்லை. உங்கள் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் நேபாளத் தோழரும் வங்காளதேசத் தோழரும் ஆசையாகக் கேட்டால்கூட அழைத்து வராதீர்கள். மாட்டிக்கொண்டால் நமக்கு ஒரு தலைவலி, அவர்களுக்கோ பிழைப்பே போய்விடும். அமைதி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லும் நிலை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைச் சட்டத் திருத்தம் கேட்கும் மேடையில் பேசலாம், அவர்கள் தலையில் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆள் சேர்ப்பது பற்றி. என் கணக்கில் இருபத்தைந்து பேருக்கு ஒரு தொண்டர். நானூறுக்குப் பதினாறு, சந்திப்புகளுக்கும் தண்ணீருக்கும் வாலுக்குமாக இன்னும் எட்டு. இருபத்து நான்கு பேர் வேண்டுமென்றால் முப்பது பேரிடம் ஒப்புதல் வாங்குங்கள்; அன்று காலை நான்கைந்து பேருக்கு வயிற்று வலி வரும். ருக்குன் தெதாங்கா ஆட்களைக் கேளுங்கள். 1975-இல் தொடங்கிய அக்கம்பக்க ஏற்பாடு அது. இரவில் தெருவில் நடந்து பழகியவர்கள், யார் மகன் யார் என்று தெரிந்தவர்கள். எப்போதும் இருவர் இருவராக நிறுத்துங்கள், அந்த இருவரும் ஒரே இனமாக இருக்க வேண்டாம். நல்லிணக்கக் காட்சிக்காக இதைச் சொல்லவில்லை. மயங்கி விழும் பெரியவர் தம் மருந்தின் பெயரை எந்த மொழியில் சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது. பினாங்குச் சீனர்களின் ஹொக்கியன் மொழி பேசும் தமிழர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவர் நான்கு பேருக்குச் சமம். பழைய சந்தைக்காரர்களில் தேடுங்கள், கிடைப்பார். முதலுதவிக்குச் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கோ மலேசியச் செம்பிறைச் சங்கத்துக்கோ ஒரு மாதம் முன்னதாகவே எழுதிவிடுங்கள். வார இறுதிகளில் அவர்களுக்கு வேலை அதிகம்.

பயிற்சிக்கு ஒரு மாலை போதும். சொற்பொழிவு வேண்டாம், நடித்துக் காட்டுங்கள். ஒருவர் ஓரத்தில் நின்று வசை பாடுபவர், ஒருவர் பதிலுக்குக் கத்துபவர், இருவர் தொண்டர்கள். புதியவர்கள் எல்லாருமே வசை பாடுபவரிடம்தான் ஓடுவார்கள். அது தவறு. அவரிடம் போகவே வேண்டாம், நம் ஆளிடம் போக வேண்டும். இரு தொண்டர்களும் வெளியாளுக்கு முதுகைக் காட்டி நம் ஆளுக்கு முகத்தைக் காட்டி நின்று, அவர் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க வைக்க வேண்டும். நிற்காத கூட்டத்தோடு சண்டை போடுவது கடினம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, விரலை நீட்டக் கூடாது, கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கவே கூடாது. படம் எடுக்கத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் தனக்கு ரசிகர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவர் அடங்காவிட்டால் போலீசாரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உள்ளேயே வரும் தொல்லை வேறு மாதிரி. கட்சிக் கொடி வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தும் ஒருவர் கட்டாயம் கொண்டு வருவார். எங்கள் நடைக்கு வந்தவர் அறுபது வயதுக்காரர், எல்லாருக்கும் வேண்டியவர். கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். இளைஞர்கள் இருவர் விதியை எடுத்துச் சொல்லப் போனார்கள், அவர் முகம் சிவந்தது. அப்போது எங்கள் தண்ணீர்ப் பந்தல் அக்கா ஒருவர் ஒன்றும் தெரியாதவர் போலப் போய், "அண்ணே, இந்தக் கயிற்றின் அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை" என்றார். கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். கொடி சுருண்டு பந்தலின் மூங்கிலுக்குப் பின்னால் போயிற்று. நடை முடியும்வரை அவர் கயிற்றை விடவில்லை. முறைப்படி யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று இளைஞர்களை விரட்டிக்கொண்டும் இருந்தார். தகராறு செய்யக்கூடியவருக்கு வேலை கொடுங்கள், அதுவும் இரு கை வேலையாகக் கொடுங்கள்.

அமைதி என்ற சொல்லைப் பற்றியும் உங்கள் குழுவை ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். எதற்காக நடக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? வெறும் 'அமைதி' என்று எழுதினால் ஆளுக்கொரு பொருளைக் கொண்டு வருவார்கள். அன்றைய செய்தித்தாள் எந்த நாட்டுப் போரைச் சொல்கிறதோ அது அட்டையில் ஏறிவிடும். அதற்காக நடப்பதும் நியாயமான காரியம்தான், ஆனால் வருகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அக்கம்பக்க இணக்கத்துக்காக என்றால் அதையே எழுதுங்கள். பேச்சாளர்கள் "நம் மூதாதையர் இங்கே ஒரு சச்சரவும் இல்லாமல் வாழ்ந்தார்கள்" என்று தொடங்கினால் மெல்ல நிறுத்துங்கள். 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் பத்து நாள் வெட்டுக்குத்து நடந்தது. கீ ஹின் என்ற சீனர் சங்கத்தோடு வெள்ளைக்கொடிக்காரர்கள், துவா பெக் கோங் சங்கத்தோடு சிவப்புக்கொடிக்காரர்கள். கொடிச் சங்கங்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்தவை. இரு பக்கமும் பல இனம் கலந்த கூட்டணி. இனத்துக்கு இனம் பகை என்று பாடம் படிப்பவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. நானாக இருந்தால் மேடையில் இதைத்தான் சொல்வேன்: இந்த ஊரில் கலந்து வாழவும் தெரியும், கலந்து அடித்துக்கொள்ளவும் தெரியும்.

பதாகை. நான்கு மொழியில் போடுவீர்கள், நல்லது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் புள்ளிகள் உதிரும், கொம்புகள் இடம் மாறும். ஒரு முறை பன்னிரண்டு அடிப் பதாகையை விரித்தபோது 'ஒற்றுமை' என்பது புள்ளியில்லாமல் 'ஒறறுமை' என்று நின்றது. 'அமைதி'யில் 'ம'வுக்கு முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் போய் 'தி'யோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு மையில் புள்ளி வைக்க முடிந்தது, கொம்பைத் தூக்கி வைக்க முடியவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சகத்துக்கே போய்த் திரையில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீன எழுத்துக்கும் அப்படியே.

சாப்பாட்டில் நான் பிடிவாதக்காரன். சமைக்காதீர்கள். ஹலாலா, சைவமா, மாட்டிறைச்சி பட்ட பாத்திரமா என்ற பேச்சு ஒரு கூட்டத்தையே விழுங்கிவிடும். வாழைப்பழம், ஹலால் சான்று பெற்ற ரொட்டி, பெரிய கலன்களில் தண்ணீர் போதும். சிறு பாட்டில் வாங்கினால் நானூறு பாட்டிலைப் பொறுக்கும் வேலையும் உங்களுக்குத்தான். இடத்தைச் சுத்தம் செய்து தருவது ஏற்பாட்டாளரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். அதற்கு மேல் நம் ஊர் வெயில் தார்ச்சாலையிலிருந்து எழும்பி அடிக்கும். வியர்த்துக்கொண்டிருந்தவர் உளறத் தொடங்கினால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே 999-ஐ அழையுங்கள். கழிப்பறை எங்கே என்று ஒவ்வொரு தொண்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான். புறா, பலூன் பறக்கவிடும் யோசனை வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். பலூன் கடலில்தான் விழும். கூண்டில் வளர்ந்த வெள்ளைப் புறாவுக்கு வெளியில் இரை தேடத் தெரியாது.

இனி அம்மா. 1967 நவம்பரில் எனக்கு நான்கு வயது. பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்புக் குறைந்ததால் அதோடு பிணைந்திருந்த பழைய நோட்டு நூறு வெள்ளிக்கு எண்பத்தைந்து வெள்ளிதான் என்றானது. கையில் பழைய நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகள்தான் அடிபட்டார்கள். அதை எதிர்த்துப் பினாங்கில் கடையடைப்பாகத் தொடங்கியது கலவரமாகி ஊரடங்கில் முடிந்தது. அதன் பிறகு என் அம்மா சாகும்வரை அரிசிப் பானை அரையளவுக்குக் கீழே இறங்க விட்டதில்லை. நான் முதல் முறை தொண்டனாகப் போனபோது வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். 1969 மே மாத இனக்கலவரத்தைப் பார்த்தவர்களோ, பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டவர்களோ கூட்டம் என்றால் பயப்படுவது அறியாமையால் அல்ல. "ஒன்றும் ஆகாது அம்மா" என்று சொல்லாதீர்கள். ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: எந்தத் தெரு வழியாக வெளியேறுவீர்கள், யாரிடம் போலீஸ் அதிகாரியின் எண் இருக்கிறது, மழை பிடித்தால் எந்தக் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்குவீர்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு அழைப்பீர்கள். அந்தச் சிவப்பு வட்ட வரைபடத்தையும் காட்டுங்கள்.

வழியை நடந்து பார்க்காமல் படிவத்தில் நேரத்தை எழுத வேண்டாம். நானூறு பேருக்கான நேரத்தை உங்கள் இருபத்தாறு வயது நடையில் அளந்தால் கணக்குப் பொய்த்துவிடும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் பாடாங்கில் மாநகர் மன்றக் கட்டடத்துக்கு எதிரே நிற்கிறேன். குடையும் ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டு வருகிறேன். நீங்கள் கடிகாரம் கொண்டு வாருங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள். எத்தனை இடத்தில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. அவர் எவ்வளவு நேரத்தில் நடந்து முடிக்கிறாரோ அதையே எழுதிக்கொள்வோம்.